ஷிப்ட் முடிந்து திரும்பும் பாதை

சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்ற உலகநாதன், மனைவி இறந்தபின் துறவி வடிவம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். வடிவம்மை அவரைவிட வயதில் சிறியவர். உலகநாதன் அதைப் பொருட்படுத்தவில்லை. விறகு பிளப்பார், வாசல் கூட்டுவார், சாயங்காலமானால் ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் அதே கேள்விதான்.

“மனுஷன் ஏன்மா குற்றம் செய்யறான்?”

வடிவம்மை பதில் சொன்னதில்லை. அவரும் விட்டதில்லை. வெளியே விட்ட ஆட்களையே மறுபடி உள்ளே வைத்துப் பூட்டி அலுத்துப்போன மனிதர் அவர்.

மடத்துக்குப் பின்னால் நூல் மில் தொழிலாளர்களின் தெரு இருந்தது. மில்லிலிருந்து அந்தத் தெருவுக்கு வரும் பாதையில் விளக்கு எரிவதில்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் தெருவில் ஒரே கூச்சல். ஷிப்ட் முடிந்து வந்த தங்கபுஷ்பத்தின் கைப்பையை ஒருவன் பறித்திருந்தான். இழுத்த வேகத்தில் அவள் கீழே விழுந்து மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. பறித்தவன் அதே தெருக்காரன், ஜெயபால். ஆட்கள் துரத்திப் பிடித்து மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

உலகநாதன் ஓடினார். வடிவம்மை பின்னால் வந்தார்.

“அம்மா, அடிச்சே கொன்னுடுவாங்க. வேலை போன பையன், ஏழைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“இந்தத் தெருவுல யார் பணக்காரங்க?”



வடிவம்மை கம்பத்தின் பக்கம் போகவில்லை. மண்ணில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பத்தின் அருகே போய் அமர்ந்தார். தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவள் கையைக் கட்டினார்.

“ரொம்ப வலிக்குதா?”

“வலி கிடக்கட்டும்மா. இந்தக் கையை வெச்சுக்கிட்டு மெஷின்ல யார் நிக்க விடுவா?” அவளுக்கு அழுகைகூட வரவில்லை. “போன தடவை என் செல்போன் போச்சு. அதுக்கு முன்னால பக்கத்து வீட்டு அக்கா செயின்.”

“போலீஸ்ல சொல்லலையா?”

“சொன்னேனே. மறுநாளே வேன் வந்து தெருவுல மீசை முளைச்ச பயலையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போச்சு. என் தம்பியையும்தான். அவனுக்கு ஒரு காது இன்னும் சரியாக் கேக்கல. அதுக்கப்புறம் யார்ம்மா வாயைத் திறப்பா?”

அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

வடிவம்மை எழுந்தார். “அவனை அவிழ்த்து விடுங்க. ஸ்டேஷனுக்கு நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம். இவன் ஒருத்தன்தான், தெருவை அள்ள வேண்டாம்னு நானே சொல்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே ஒருவர் கயிற்றை அவிழ்த்தார்.

போகும் வழியில் உலகநாதன் கேட்டார். “வயித்துக்கு இல்லாமலாடா இதைச் செஞ்ச?”

ஜெயபாலின் உதடு வீங்கியிருந்தது. “சோறெல்லாம் இருக்கு. எங்கம்மா பொங்குது.”

“பின்னே?”

“மேலத்தெருவுல என்கூடப் படிச்சவன் ஒருத்தன் இருக்கான். புது பைக்குல வருவான். ஒதுங்கிப் போன்னு என்னைப் பாத்து ஹாரன் அடிப்பான். தினம் அடிப்பான்.” கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னான். “பசியைப் பொறுத்துக்கலாம்.”

“அப்போ அந்த மேலத்தெருவுலயே பறிச்சிருக்கலாமே?” என்றார் வடிவம்மை.

“அங்க லைட் இருக்கு. கேமரா இருக்கு. வாட்ச்மேன், நாய் வேற.”

“இங்க?”

“இங்க ஒண்ணும் இல்ல.”

“தங்கபுஷ்பம் இருந்தாளே.”

ஸ்டேஷன் வரும்வரை அவன் தலை நிமிரவில்லை.

ஜெயபால் சிறைக்குப் போனான். வடிவம்மை விளக்குக்காக நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார். மேஸ்திரி வரவில்லை என்றார்கள், பல்பு வரவில்லை என்றார்கள், பல்பு வந்தபின் ஏணி இல்லை என்றார்கள். கடைசியில் மடத்து ஏணியை உலகநாதன் தோளில் சுமந்துகொண்டு போனார். விளக்கு எரிந்தது. தெரு ஆண்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில் இரண்டிரண்டு பேராக மில் வாசல்வரை போய் நின்றார்கள். அந்தப் பாதையில் திருட்டு நின்றுபோனது.

உலகநாதன் சிறுபிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார். “இவ்வளவுதானாம்மா? ஒரு பல்பா?”



மழைக்காலம் முடியும்போது செய்தி வந்தது. இப்போது கால்வாய்ப் பாதையில் பறிக்கிறார்களாம். கீழக்காலனிப் பெண்கள் வீடு திரும்பும் வழி அது.

உலகநாதன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். “நாம திருட்டை நிறுத்தலைம்மா. தள்ளி வெச்சிருக்கோம்.”

“ஆமா.”

“உங்களுக்கு வருத்தமா இல்லையா?”

“இருக்கு. இந்தத் தெருப் பொண்ணுங்க பயமில்லாம வீடு வந்து சேருதுங்க. அதுவும் இருக்கு.”

தண்டனை முடிந்து ஜெயபால் வெளியே வந்தான். யாரும் வேலை தரவில்லை. ஒரு நாள் மடத்து வாசலில் வந்து நின்றான். உலகநாதனுக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத நிற்பு.

“இவன் இருக்கட்டுமாம்மா?”

“நாம எப்படிச் சொல்றது?” என்ற வடிவம்மை, தங்கபுஷ்பத்தைப் பார்க்கப் போனார்.

அவள் கை கோணலாகக் கூடியிருந்தது. மெஷினிலிருந்து எடுத்துவிட்டு, பஞ்சுத் தூசி கூட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். “அவனை மன்னிக்கச் சொல்லாதீங்கம்மா” என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

“சொல்ல மாட்டேன். அவன் மடத்துல இருந்தா உனக்குப் பயமா இருக்குமா?”

அவள் யோசித்தாள். “இருக்கும். எங்க பாதைப் பக்கம் மட்டும் அவன் வரக்கூடாது.”

“வர மாட்டான்.”

அதனால் ஜெயபாலைக் கால்வாய்ப் பாதையில் புதர் வெட்ட அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தது. எந்தப் புதரில் ஆள் ஒளியலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதையெல்லாம் முதலில் வெட்டினான். மடத்தில் சாப்பிட்டான். கையில் குத்திய முள்ளை உலகநாதன் ஊசியால் எடுத்துவிட்டார்.

பிறகு அவனுடைய பழைய கூட்டாளிகள் பைக்கில் வர ஆரம்பித்தார்கள். கரையில் நிறுத்திவிட்டு, “என்ன மாப்ளே, சாமியாராயிட்டியா?” என்று சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஊரில் அவனை மாப்ளே என்று கூப்பிட வேறு யாரும் இல்லை.

ஒரு நாள் காலையில் அவனைக் காணவில்லை. பாதி வெட்டிய புதரில் அரிவாள் சாய்ந்து கிடந்தது.

உலகநாதன் வடிவம்மையைக் கூட்டிவந்து காட்டினார். “போயிட்டான். போவான்னு எனக்குத் தெரியும்மா. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. ஓர் ஆயுள்காலத்து அசதி மட்டும் இருந்தது.

வடிவம்மை கால்வாய்க் கரையில் உட்கார்ந்தார். வெடித்துப்போயிருந்த குதிகாலைத் தேய்த்துக்கொண்டார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார் என்பதை அன்றுதான் உலகநாதன் கவனித்தார்.

பிறகு வடிவம்மை கையை ஊன்றி எழுந்தார். அரிவாளை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

“மிச்சத்தை நீங்க வெட்டுங்க.”

“நீங்க?”

“நான் அவனைத் தேடிட்டு வரேன்.”

“முள்ளு திரும்ப முளைக்கும்மா.”

“முளைக்கும்.”

“அவனைக் கூட்டிக்கிட்டு வந்தாலும் திரும்பப் போவான்.”

“போகலாம்.”

உலகநாதன் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்கம்மா. இந்த முள்ளை வெட்டினா திருட்டு நிக்குமா, இல்ல அவனைத் திருத்தினா நிக்குமா? ரெண்டுல எது போதும்?”

கரையில் நடக்கத் தொடங்கியிருந்த வடிவம்மை திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணு போதும்னா, உங்களை நான் ஏன் கூட வெச்சிருக்கேன்?”