காவல் கிளையை விட்டு இறங்கியவன்

புளியங்காட்டின் ஓரத்தில் தவிட்டுக் குருவிகள் பத்து இருந்தன. பத்தே பத்துதான். ஆனால் அவை போடும் கூச்சலைக் கேட்டால் சந்தை கூடியிருக்கிறது என்றே நினைப்பீர்கள். தின்றாலும் கூச்சல், குளித்தாலும் கூச்சல், சும்மா உட்கார்ந்திருந்தாலும் கூச்சல்.

ஒரே ஒரு குருவி மட்டும் வாயைத் திறக்காது. அது காவல் குருவி. மற்றவர்கள் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும்போது, அது உயரக் கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலையைக் குனிந்து தின்கிறவர்களுக்கு வல்லூறு வருவது எப்படித் தெரியும்? முறை மாறும்போது, மேலே இருப்பவர் "இறங்கவா?" என்று கேட்கவேண்டும். அடுத்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "ஏறிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் இறங்கலாம். இன்னொன்றும் உண்டு. காவல் கிளை காலியாக இருப்பதை யார் பார்த்தாலும் சரி, வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு அவர் ஏறிவிட வேண்டும்.

சாமைக்கும் வரகனுக்கும் அந்த மழைக்காலத்தில்தான் காவல் முறை கிடைத்தது. இருவரும் ஒரே புதரில் பொரித்த குஞ்சுகள். சாமை காலில் முள் தைத்து மூன்று நாள் நொண்டியபோது, வரகன்தான் அவளுக்குப் புழு கொண்டுவந்து கொடுத்தான். வருகிற வழியிலேயே பாதிப் புழுவைத் தின்றுவிடுவான், அது வேறு விஷயம். ஆனாலும் ஒரு வேளைகூட வராமல் இருந்ததில்லை. அதனால் சாமைக்கு அவன் என்றால் உயிர்.

மழை விட்ட ஒரு பிற்பகல். காவலில் இருந்தவள் தாழை. அவள் ஏரிக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தவள். அந்தக் கூட்டம் புயலில் சிதறிப் போனதால் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவள். வந்து இரண்டு மாதம் ஆகியும், அவளை யாரும் முழுசாக நம் ஆள் என்று நினைக்கவில்லை.

"இறங்கவா?" என்று தாழை கேட்டாள்.

"ஏறிட்டேன்" என்றான் வரகன், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து. தாழை இறங்கிப் போனாள். மற்றவர்கள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்ததால் இது யார் காதிலும் விழவில்லை. கீழே நின்ற சாமை மட்டும் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. கொத்துக் கொத்தாக, மினுமினு இறக்கையோடு. வருஷத்தில் இரண்டு நாள் கிடைக்கிற விருந்து அது. வரகன் வானத்தைப் பார்த்தான், புற்றைப் பார்த்தான், மறுபடியும் புற்றைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் இறங்கிவிட்டான்.

சாமை அவனையே பார்த்தாள். "ஒரே ஒரு வாய். இதோ போயிடறேன்" என்று கண்ணைச் சிமிட்டினான்.

தான் ஏறிப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், வரகனுக்கு அவமானமாகிவிடும் என்று சாமை நினைத்தாள். வாய் நிறைய ஈசலும் இருந்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வல்லூறு வந்தது யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்திலேயே சின்னவன் தினை. அவன் "வீல்" என்று கத்திய பிறகுதான் தெரிந்தது. பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்து கொத்தியதில் வல்லூறு அவனைப் போட்டுவிட்டு ஓடியது. தினை உயிர் தப்பினான். ஆனால் இடது இறக்கை கிழிந்து தொங்கியது.

"யாருடைய காவல்?" என்று கேட்டாள் கூட்டத் தலைவி சோளத்தாயி. தினை அவளுடைய கடைசிப் பிள்ளை.

வரகன் பயந்துபோனான். பயத்தில் நாக்கு முந்திக்கொண்டது. "தாழை அக்காதான். என்னைக் கூப்பிடாமலே இறங்கிட்டாங்க."

"நான் கூப்பிட்டேனே. நீயும் ஏறினியே" என்றாள் தாழை. யார் நம்புவார்கள்? வந்தேறிக்கு எங்கே நம் குஞ்சு மேல் அக்கறை இருக்கப்போகிறது என்று ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள்.

"காவலையும் விட்டுட்டு, பழியையும் ஒரு பையன் மேல போடறியா?" என்றாள் சோளத்தாயி. "பொய் சொல்றவளோட என் பிள்ளைங்க தூங்க மாட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடு."

தனியாகப் போன தவிட்டுக் குருவி இரண்டாவது விடியலைப் பார்க்காது. அது எல்லோருக்கும் தெரியும்.

சாமை வரகனைப் புதருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "நீ ஏறினதை நான் பார்த்தேன்."

"பார்த்தா என்ன? வாயை மூடிக்கிட்டு இரு. நீ என் கூட்டாளிதானே?"

"அவங்க தனியாப் போனா செத்துப் போயிடுவாங்க, வரகா."

"நான் தனியாப் போனா மட்டும் பிழைச்சுக்குவேனா?" என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் சொல்வதும் சரிதானே. இருந்தாலும் சாமை சொன்னாள். "நீயே போய்ச் சொல்லிடு. நான் கூட நிக்கிறேன்."

"மாட்டேன்."

"அப்போ நான் சொல்லுவேன். உன் முன்னாடியே வச்சுத்தான் சொல்லுவேன்."

"சொல்லிக்கோ. அதோட நம்ம சிநேகம் முடிஞ்சது" என்று வரகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தாழை புறப்படுவதற்கு முன் தினையின் பக்கத்தில் போய், தேடிப் பிடித்த ஒரு பச்சைப் புழுவை அவன் வாயில் வைத்தாள். "வலிக்குதா கண்ணு? சீக்கிரம் ஆறிடும்" என்றாள். அதைப் பார்த்த பிறகு சாமையால் பொறுக்க முடியவில்லை. எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"காவல் கிளை காலியா இருந்ததை நான் பார்த்தேன்" என்றாள். "பார்த்தவங்க ஏறணும். நான் ஏறலை. ஈசல் தின்னுக்கிட்டு இருந்தேன். தினைக்கு அடிபட்டதுல எனக்கும் பங்கு இருக்கு."

பத்துக் குருவிகள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை அந்தக் காடு கேட்டதே இல்லை.

"தாழை அக்கா கேட்டாங்க. வரகன் ஏறிட்டேன்னு சொன்னான். அப்புறம் இறங்கிட்டான். இதுதான் நடந்தது." சொல்லும்போது அவள் வரகனைத்தான் பார்த்தாள். அழுதுகொண்டே பார்த்தாள்.

சோளத்தாயி வரகனைக் கேட்டாள். அவன் தரையைக் கீறிக்கொண்டு நின்றான். பிறகு "ஆமா" என்றான்.

"அப்படின்னா போக வேண்டியவன் நீ" என்றாள் சோளத்தாயி. அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாழைக்கு ஒரு நியாயம், வரகனுக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியுமா?

"அவன் போனா நானும் போறேன்" என்றாள் சாமை. "அவன் செஞ்சது தப்பு. அதுக்காக அவனைத் தனியா விட மாட்டேன்."

அப்போது தாழை முன்னால் வந்தாள். "பழி சுமந்தவ நான். அதனால நான் ஒண்ணு கேட்கலாமா? ரெண்டு பிள்ளைங்களைத் துரத்திட்டு வர்ற இடம் எனக்கு வேண்டாம். ஒரு கூட்டம் சிதறினதை ஏற்கெனவே பார்த்துட்டேன். இன்னொரு தடவை பார்க்க முடியாது."

சோளத்தாயி அவளையே பார்த்தாள். பிறகு தலையைத் தாழ்த்தி, "என்னை மன்னிச்சிடு, தாழை" என்றாள். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். தினையின் இறக்கை ஆறும்வரை இருவரும் அவனுக்கு இரை தேடித் தர வேண்டும். வரகன் அதுவரை தூங்கும் வரிசையில் கடைசியாக உட்கார வேண்டும். அதுதான் தீர்ப்பு.

தவிட்டுக் குருவிகள் ஒரே கிளையில் ஒன்றோடு ஒன்று நெருக்கி உட்கார்ந்துதான் தூங்கும். நடுவில் இருந்தால் கதகதப்பு. கடைசியில் இருப்பவருக்கு ஒரு பக்கம் முழுக்க வாடைக்காற்றுதான். பூனை வந்தாலும் முதலில் அவரிடம்தான் வரும்.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தாழையைச் சோளத்தாயி தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வரகன் கடைசியில் போய் ஒடுங்கினான். சாமைக்கு நடுவில் இடம் இருந்தது. அவள் அங்கே உட்காரவில்லை. வரகனைத் தாண்டிப் போய், அவனுக்கும் அந்தப் பக்கம், காற்று அடிக்கிற பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வரகன் அவளைப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. காற்று ஒரு தடவை அடித்தது, இன்னொரு தடவை அடித்தது. சாமை நடுங்குவது அவனுக்குத் தெரிந்தது.

"உனக்குக் குளிருமே" என்றான் கடைசியில்.

"குளிரும்தான்."

வரகன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தன் இறக்கையைத் தூக்கி, "ஒட்டி உட்காரு" என்றான்.

நண்பன் செய்த தப்பை மறைப்பது நட்பாகாது. உண்மையைச் சொல்லிவிட்டு, அதனால் அவனுக்கு வரும் கஷ்டத்தில் அவனை விட்டு நகராமல் இருப்பதே நட்பு.