கூலி ஒரு படி, கடன் இரண்டு படி

மழைக்குக் குறைவில்லாத ஒரு நாட்டில், அந்தக் காலத்தில், மழவராயர் என்றொரு நிலக்கிழார் இருந்தார். வயிறு நிறைந்தவர்களே, இதைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்.

அவர் வயலில் அறுத்தவள் வேம்பி. புருஷன் செத்தவள்; மூன்று பிள்ளைகள். நாள் கூலி மூன்று படி நெல். அவர்கள் சாப்பாட்டுக்கு அது சரியாக இருந்தது.

ஒரு வருஷம் ராயர் கூலியை இரண்டு படியாக்கினார். அவருடைய இரண்டாம் களஞ்சியம் நிறைந்தது. மறு வருஷம் ஒரு படியாக்கினார். மூன்றாம் களஞ்சியமும் நிறைந்து, நெல்லில் புழு வைத்தது.

புழுவுக்குப் போவதை மனுஷருக்குக் கொடுத்தால் என்ன என்று ராயருக்குத் தோன்றியது. "கடனா வாங்கிக்குங்க. ரெண்டு படிக்கு மூணு படி திருப்பிக் கொடுத்தாப் போதும்" என்றார். ஊரே அவரைப் புண்ணியவான் என்றது. வேம்பியும் கையெடுத்துக் கும்பிட்டாள், பாவி!

ஒரு படி கூலிக்காரி மூன்று படியை எங்கிருந்து திருப்புவாள்? கடன் ஏறியது. ராயர் அவளுடைய மூத்த மகள் வெள்ளச்சியைக் கொட்டில் வேலைக்கு அடிமையாகக் கேட்டார்.

அந்த வாரம் அரசர் ஊருக்கு வந்தார். பட்டினிச் சாவே இல்லாத ஊர் என்று மெச்சி, ராயருக்கு வள்ளல் பட்டம் சூட்டத்தான் வந்தார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவருக்கு மாலை மரியாதை!

வேம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போய் நின்றாள்.

"மகாராசா, அப்ப மூணு படி கூலி, கடன் கிடையாது. இப்ப ஒரு படி கூலி, ரெண்டு படி கடன். நாங்க திங்கிறது அதே மூணு படிதான். இதுல எசமான் கொடுத்தது எதுங்க? என் மகளை விட்டுடச் சொல்லுங்க."

அரசர் ராயரைப் பார்த்தார். "அந்த இரண்டு படியைக் கூலியாகவே கொடுத்தால் என்ன?"

"கூலியாக் கொடுத்தா திரும்பி வராது, மகாராஜா. கடனாக் கொடுத்தா குட்டியோட வரும்."

அரசருக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் அவருடைய படை தின்றதும் ராயரிடம் கடன் வாங்கிய நெல்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவளுக்கு வட்டியில் அரைப்படி குறையும்" என்றார். சபை கை தட்டியது. மாலை ராயர் கழுத்தில் விழுந்தது.

வேம்பி மகளைக் கொட்டிலில் விட்டாள். மற்ற இரண்டும் பசியில் கிடந்தன. குறைந்த வட்டிக்கு இன்னும் இரண்டு படி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

உழைத்தவருக்குக் கூலியாகச் சேர வேண்டியதைக் கடனாகக் கொடுப்பவன் வள்ளல் அல்ல, திருடன்.