யானை எப்படி நடக்கும்?

முன்னொரு காலத்தில் வேங்கைநாடு என்றொரு சீமையை அதிவீரசேகரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுவார். மத்தியானம் சொன்னதைக் காலையிலேயே சொன்னதாகச் சாதிப்பார். அவருக்கு ஆஸ்தான வித்வான் ஒருவர், புவனகேசரி என்று பேர். மந்திரி ஒருவர், செவ்வந்தியப்பன்.

செவ்வந்தியப்பன் மலையடிவாரத்துக் குயவர் வீட்டுப் பிள்ளை. ராஜாவின் கல்விச்சாலையில் படித்து மேலே வந்தவர். முப்பது வருஷமாக அரண்மனைத் தமிழையே பேசிப் பேசி, ஊர்ப்பேச்சு தொண்டைக்குள்ளேயே தங்கிப்போயிற்று. அவர் ஒரு வார்த்தை சொன்னால் சபையே சிரிக்கும். சபை கலைந்தால் கூட நடந்துவர ஒரு ஆள் கிடையாது.

அந்தக் கல்விச்சாலையில் சேர வருஷா வருஷம் ஒரு பரீட்சை. கேள்வி எழுதுவது புவனகேசரி. அந்த வருஷம் முந்நூறு பேர் எழுதி நாற்பது பேர் தேறினார்கள். நாற்பதும் கோட்டைக்குள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்.

"புத்தியும் கோட்டைக்குள்தான் குடியிருக்கிறது மகாராஜா," என்று வித்வான் மீசையைத் தடவிக்கொண்டார்.

பட்டியலில் முத்திரை வைக்கப்போகிற சமயத்தில் ஒரு பெண் சபைக்குள் வந்து நின்றாள். மாசாணி என்று பேர். காட்டு முகாமில் ராஜாவின் யானைகளைப் பராமரிக்கும் குடும்பம். மூன்று நாள் நடந்து வந்த புழுதி காலில் அப்படியே இருந்தது.

"ஏனுங்க ராஜா, என்ர ஓலையில என்ன தப்புன்னு சொல்லிப்போடுங்க. முத்திரை விழுந்துட்டா அடுத்த வருசம் எழுத எனக்கு வயசு தாண்டிருமுங்க."

வித்வான் ஓலையை எடுத்து ராகத்தோடு வாசித்தார். "கேள்வி: யானை எப்படி நடக்கும்? இந்த அம்மாள் எழுதியது: 'முன்னங்கால் வைத்த தடத்திலேயே பின்னங்காலை வைத்து நடக்கும். நாலு கால் நடந்தாலும் ரெண்டு கால் தடம்தான் விழும்.' ஹஹ்ஹா! சரியான விடை: நேராக நடக்கும். குறுக்கே சாயாது!"

சபை குலுங்கிச் சிரித்தது. அன்று காலை சதுரங்கத்தில் ஜெயித்திருந்த ராஜா எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். மாசாணி மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தப் பார்வையைச் செவ்வந்தியப்பனுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவர் முகத்திலேயே இருந்த பார்வை அது.

"மகாராஜா," என்று எழுந்தார். "வித்வான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் கண்ணால் பார்த்துவிட்டு முத்திரை வைக்கலாமே? பட்டத்து யானை மேல் அவரே ஏறட்டும். அரண்மனை வாசலிலிருந்து கல்விச்சாலை வரைக்கும் குறுக்கே சாயாமல் போய்விட்டால், இந்தப் பெண்ணின் ஓலையை அடுப்பில் போட்டுவிடலாம்."

"பேஷ்! ஏறும் வித்வானே!"

"மகாராஜா, எனக்கு உயரம் என்றால் கொஞ்சம்..."

"ஏறும் ஐயா!"

யானை பத்து அடி நேராகத்தான் போயிற்று. பிறகு இடப்பக்கம் வாழைத்தோப்பைப் பார்த்தது. "நேரே! நேரே!" என்று வித்வான் கதறக் கதற இரண்டு வாழைத்தாரைத் தின்று முடித்துவிட்டு, குளத்தில் இறங்கி, தும்பிக்கை நிறையச் சேற்றுத் தண்ணீரை அள்ளி முதுகுக்கு மேல் பீய்ச்சியது.

"என்ன ஓய், விடை குளிக்கப் போய்விட்டதா?" என்று ராஜா கரையிலிருந்து கூவினார்.

"ஐயோ! நான் சொன்னது இந்த யானையை இல்லை மகாராஜா! சதுரங்கப் பலகையில் இருக்கிற யானையை!"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் செவ்வந்தியப்பன் காத்திருந்தார். கேள்வி ஓலையை ராஜாவிடம் நீட்டினார். "சதுரங்கம் என்ற வார்த்தை இதில் எங்கே இருக்கிறது?"

ராஜா ஓலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "காணோமே!"

"ஓலையில் இல்லாத அந்த வார்த்தை கோட்டைக்குள் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நாற்பது பேரும் அங்கிருந்தே வந்ததற்கு வேறென்ன காரணம் வேண்டும்?"

மாசாணி ஒரு குரல் கொடுத்தாள். யானை சாதுவாகக் கரையேறியது. ஈர மண்ணில் ராஜா குந்தி உட்கார்ந்து எண்ணினார். "அடடே! நாலு காலுக்கு ரெண்டே தடம்!"

சேறு சொட்ட நின்ற வித்வானைப் பார்த்து உத்தரவு போட்டார். "இனிமேல் பரீட்சைக்கு முன்னால் உம்முடைய கேள்விகளை யானை முகாமிலும் உப்பளத்திலும் நெசவுத் தெருவிலும் போய் வாசித்துக் காட்டும். 'எந்த யானை?' என்று ஒருத்தர் கேட்டாலும் அந்தக் கேள்வி செல்லாது."

"வெயிலில் அவ்வளவு தூரமா மகாராஜா?"

"நேராகப் போம். குறுக்கே சாயாமல்!" என்றார் ராஜா. பிறகு மாசாணியிடம் திரும்பினார். "உனக்கு இடம் உண்டு பெண்ணே. வேறென்ன வேண்டும், கேள்."

மாசாணி யோசித்தாள். "தள்ளிவெச்ச மத்த ஓலையையும் படிச்சிருங்க ராஜா. அத்தனை பேருக்கு நடுவுல என்னைய மட்டும் உக்கார வெச்சா, நான் யாரோடங்க பேசறது?"

செவ்வந்தியப்பனுக்கு ஒரு பழைய முகம் ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதியவன் நாச்சிமுத்து, ஒரே தெருக்காரன். கோட்டைக்குள் பானை கொண்டுபோன வீட்டு வாசலில் காத்து நின்றபோது காதில் விழுந்த சதுரங்கப் பேச்சால் இவர் தேறினார். அவன் தேறவில்லை. அவன் ஓலையில் என்ன எழுதியிருந்தான் என்று இவர் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை. கல்விச்சாலை வண்டி வந்தது, ஏறிக்கொண்டார்.

"செரி அம்மிணி, படிச்சுப்போடலாம்," என்றார்.

மந்திரியின் வாயிலிருந்து இப்படியொரு பேச்சா என்று சபை திரும்பிப் பார்த்தது. எல்லோரும் சபா மண்டபத்துக்குத் திரும்பியதும் அவர் தள்ளுபடி ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலே கிடந்ததை உரக்க வாசித்தார்.

"'எங்கள் உப்பளத்தில் யானை கிடையாது. ஒன்று அனுப்பிவைத்தால் பார்த்துச் சொல்கிறேன்.'"

"இவனும் தேறினான்!" என்று ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

இன்னும் இருநூற்று ஐம்பத்தெட்டு ஓலைகள் இருந்தன. தான் தேடுகிற ஓலை அதில் இருக்காது என்று செவ்வந்தியப்பனுக்குத் தெரியும். ஒன்று விடாமல் வாசித்தார்.