தொண்டையில் நின்ற கத்தி

திவான் அனந்தப்பருக்குச் சவரம் செய்ய நாவிதன் சடையாண்டி அன்றும் தாமதமாகத்தான் வந்தான்.

"படுக்கையில கிடக்கிற கிழவருக்கா முதல் சவரம்? அந்த நேரத்துல பத்துப் பேருக்குப் பண்ணலாமே! பலருக்கு எது நல்லதோ அதைத்தான் செய்யணும்" என்று சீறினார் திவான்.

"அநாதையா வந்த எனக்குச் சோறு போட்டுத் தொழில் சொல்லிக் கொடுத்தவர், எசமான். கடைசிவரை பார்த்துக்கிறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பெரிய வாக்கு! தூக்கிப் போடு!"

சடையாண்டியின் கத்தி திவானின் தொண்டையில் நின்றது.

"உங்க புது வரியால ஊரே அழுவுது. பலருக்கு எது நல்லதுன்னு இப்பவே பார்த்துடவா, எசமான்? நம்பி நீட்டின கழுத்துக்குக் கெடுதல் பண்ண மாட்டேன்னும் அந்தக் கிழவருக்குத்தான் வாக்குக் கொடுத்திருக்கேன். அதையும் தூக்கிப் போடணுமா?"

திவான் எச்சில் விழுங்கவும் பயந்தார்.

சவரம் முடிந்ததும் முகத்தைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய்க் கிழவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"நல்லா வளர்த்திருக்கீங்க, ஐயா! நீங்க நல்லா இருக்கணும்!"