உருண்டு வந்த வேட்பாளர்

“ஆமா, நான்தான் நிக்கிறேன். ஏன், நிக்கக் கூடாதா?”ன்னு கேட்டுச்சு, உடம்பெல்லாம் செதிலா இருக்கிற எறும்புதின்னியான அழுங்கு.

நரிக்குச் சிரிப்பு தாங்கல. “தாராளமா நில்லு! ஆனா ஒரு சருகு விழுந்தாலே பந்து மாதிரி சுருண்டுக்கிற ஆளாச்சே நீ. உனக்கு எதுக்கு பேரவைத் தேர்தல்?”

“ஓடை பாதியாப் போச்சு. மீதியும் போனா மண்ணுல ஈரம் இருக்காது. ஈரம் இல்லாட்டி கறையான் இல்ல. கறையான் இல்லாட்டி நான் இல்ல.”

விஷயம் இதுதான். எல்லாக் காட்டுக்கும் சேர்த்து மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேரவை. காட்டுக்கு ஒரு உறுப்பினர். நாவக்காட்டுக்கு இதுவரைக்கும் கரடிதான் உறுப்பினர். போன தடவை அது பேரவைக்குப் போச்சு, நல்ல நிழலாப் பாத்து உக்காந்துச்சு, தூங்கிடுச்சு. முழிச்சுப் பாத்தா பாதி ஓடை வேற காட்டுக்குத் திரும்பியிருக்கு. மறுபடியும் தேர்தல் வந்ததும் கரடி மறுபடியும் நின்னுச்சு. ‘அனுபவம் உள்ள வேட்பாளர்’னு வேற சொல்லிக்கிச்சு.

நரி கொஞ்சம் யோசிச்சுச்சு. கரடியைச் சுத்தி ஏற்கெனவே ஏகப்பட்ட கூட்டம். இங்க யாரும் இல்ல.

“சரி, உனக்கு நான் வேலை பாக்குறேன். ஜெயிச்சா பேரவைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போகணும்.”

“வாயேன், துணையாச்சு”ன்னு சொல்லுச்சு அழுங்கு.

முதல் கூட்டம் பாறைமேட்டுல. அழுங்கு காலையிலேருந்து பேச்சை மனப்பாடம் பண்ணி வச்சிருந்துச்சு. வாயைத் திறக்குறதுக்குள்ள மரத்து மேல இருந்து ஒரு குரங்கு கத்துச்சு. “யோவ் வேட்பாளரே! ஓடைக்கு என்ன வழி, அதைச் சொல்லு!”

அத்தனை கண்ணும் அழுங்கைப் பாத்துச்சு. தலை உள்ள போச்சு, வால் மேல வந்துச்சு. பாறை மேல ஒரு உருண்டைதான் கிடந்துச்சு.

“என்னய்யா இது?”ன்னுச்சு குரங்கு.

நரி ஒரே தாவுல பாறை மேல ஏறிடுச்சு. “நல்லாப் பாத்துக்குங்க! இதுக்கு முன்னாடி ஓட்டு கேட்டு வந்தவங்க கையைக் கூப்பினாங்க. ரொம்பப் போனா குனிஞ்சாங்க. உடம்பு மொத்தத்தையும் மடிச்சு உங்க காலடியில வச்சவர் யாராவது உண்டா?”

“இல்லையே!”ன்னு மான்கள் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிச்சு.

“இதுதான்யா பணிவு!”ன்னு கண்ணைத் துடைச்சுக்கிச்சு காட்டெருமை. கைதட்டு அடங்கவே இல்ல. ஓடையைப் பத்திக் கேட்டதை எல்லாரும் மறந்துட்டாங்க, கேட்ட குரங்கு உட்பட.

திரும்பி வரும்போது அழுங்கு மெதுவாச் சொல்லுச்சு. “அது பணிவு இல்லப்பா, பயம்.”

“வெளியிலேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. விடு!”ன்னுச்சு நரி.

அன்னையிலேருந்து பிரசாரம் சூடு பிடிச்சுது. அழுங்கு நடக்கவே வேண்டியதில்ல. ஏத்தம் வந்தா நரி முட்டுக் கொடுத்துத் தள்ளும். இறக்கம் வந்தா வேட்பாளர் தானாவே போயிருவாரு. சில ஊருல நிக்காமலே உருண்டு தாண்டிப் போயிட்டாரு. அங்கதான் கைதட்டு ஜாஸ்தி.

“எங்கள் உருண்டை! தங்க உருண்டை!”ன்னு கிளிங்க கத்துச்சு. முயலுங்க குட்டியை அது மேல படுக்க வச்சு, பேரு வைக்கச் சொல்லிக் கேட்டுச்சு. உள்ள இருந்து சத்தம் வரல. “மௌனமா ஆசீர்வாதம் பண்றாரு”ன்னு சொல்லிட்டு, நரியே ‘உருண்டை’ன்னு பேரு வச்சுது.

உள்ள கிடந்த அழுங்குக்கு முதல்ல கூச்சமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அப்புறம், உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்சம் சுகமாவே இருந்துச்சு.

கடைசிக் கூட்டம் ஓடைக்கரையில. கூட்டத்துல ஒரு கானாங்கோழி நின்னுச்சு. தண்ணி இறங்கி, கோரைக்குள்ள இருந்த அது கூடு வெட்டவெளியாப் போயிருந்துச்சு.

“அண்ணே, ஒரு கேள்வி. மீதி ஓடையையும் திருப்பலாமான்னு பேரவையில கேப்பாங்க. புலித் தலைவர் ஒரு உறுமு உறுமுவாரு. அப்ப என்ன செய்வீங்க?”

புலின்னு சொன்னதுமே அழுங்கு சுருண்டுடுச்சு. கூட்டம் கைதட்டுச்சு. கானாங்கோழி தட்டல.

“அங்க போயும் இதைத்தான் செய்வீங்களா? அந்தப் பேரவையில ஒருத்தர் மறுத்தாலும் ஓடையைத் தொட முடியாது; வாயைத் திறக்காதவங்க எல்லாம் சம்மதம்னு கணக்கு. கரடி தூங்கினா சம்மதம். நீங்க சுருண்டா அதுவும் சம்மதம்தானே? என் குஞ்சுங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே!”

கைதட்டு நின்னுடுச்சு. உருண்டைக்குள்ள ஒரே இருட்டு. தன் வயித்துல தன் மூக்கு இடிக்க, அழுங்கு அந்தக் கேள்வியையே நினைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. தேர்தல்ல நிக்க வந்ததே இதுக்குத்தானே!

“வெளிய வந்துடாதே!”ன்னு நரி செதில் இடுக்குல வாயை வச்சுக் கெஞ்சுச்சு. “இப்படியே கிட, ஜெயிச்சாச்சு!”

அழுங்கு வாலை விலக்குச்சு. தலையை நீட்டுச்சு. கால் நாலும் தடதடன்னு ஆடுச்சு.

“பணிவு இல்லீங்க, பயம். நீங்க இவ்வளவு நாளா கைதட்டினது என் பயத்துக்கு.”

“அட, மூஞ்சி கூட இருக்கா இவருக்கு!”ன்னுச்சு ஒரு முயல்.

“ஏமாத்துக்காரன்!”னு குரங்கு ஒரு கொட்டையை விட்டெறிஞ்சுது.

கொட்டை செதில்ல பட்டுத் தெறிச்சுது. அழுங்கு பாதி சுருண்டுச்சு. பல்லைக் கடிச்சுக்கலாம்னா பல்லும் கிடையாது. எப்படியோ நிமிந்துச்சு. “அங்க போனாலும் பயப்படுவேன். சுருளவும் செய்வேன். ஆனா சுருள்றதுக்கு முன்னாடி ‘வேண்டாம்’னு ஒரு வார்த்தை சொல்லிடுவேன். அவ்வளவுதான் என்னால முடியும்.”

“அந்த ஒரு வார்த்தை போதும்ணே”ன்னுச்சு கானாங்கோழி.

நரி அப்பவே எழுந்து கரடிகிட்டப் போயிடுச்சு. கரடியோட தூக்கத்துக்குத் தியானம்னு பேரு வச்சு ஓட்டு கேட்டுச்சு. அதை நம்பினவங்களும் இருந்தாங்க. அழுங்கு ஜெயிச்சுது, ஆனா மயிரிழையில.

பேரவை கூடுச்சு. துணைக்கு கானாங்கோழியும் போயிருந்துச்சு. “மீதி ஓடையையும் திருப்புறோம்! எவனாவது மறுக்கிறீங்களா?”ன்னு உறுமுச்சு புலி. யானையே மண்ணைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

“வேண்டாம்!”

“யார்டா அது?”

புலி நாலு பக்கமும் தேடுச்சு. ஒரு உருண்டைதான் கிடந்துச்சு. ஆனா சொன்ன சொல்லு சபையில விழுந்தாச்சு. ஒரு மறுப்பு இருந்தாலும் ஓடையைத் தொடக் கூடாதுங்கிறது பேரவை வழக்கம். புலி உறுமிக்கிட்டே உக்காந்துச்சு.

எல்லாரும் கலைஞ்சு போன பிறகு கானாங்கோழி அலகால செதிலைத் தட்டுச்சு. “அண்ணே, ஓடை தப்பிச்சுது. எந்திரிங்க, போலாம்.”

“புலி போயிடுச்சா?”

“போயிடுச்சுண்ணே. வாங்க!”

அழுங்கு மெதுவா நிமிந்து, அது பின்னாடியே நடந்து போச்சு.

நம்ம கால்ல விழுறவனை விட, தன் கால் நடுங்கினாலும் வாயைத் திறக்கிறவனே நமக்காகப் பேசப் போகத் தகுந்தவன்.