இறக்கையில் டொக்

சவரிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது, வரக்கூடாத நேரத்தில். விமானி ரஹீமா தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி உமையாளுக்கு அவரைவிட வயது குறைவு, பொறுமை அதிகம். அவர்கள் செய்த வேலையைக் கேட்டால் வித்தை என்றுதான் தோன்றும். கொட்டகையில் நின்ற சின்ன விமானத்தின் இறக்கை, கார்பன் இழையையும் பிசினையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. நுனியில் இருக்கும் கருவி அனுப்பும் விவரம், கம்பியே இல்லாமல், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி மின்காந்த அலையாக ஊர்ந்து விமானியிடம் வந்து சேரும். இன்று முதல்முறையாக அது வானத்தில் நடக்க வேண்டும். தவறினால் மழைக்காலம் முடிந்துதான் ஓடுதளம் கிடைக்கும். சவரிமுத்துவின் பட்டமும் அதுவரை தொங்கும்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அலை போற வழியில இறக்கைக்கு அடிபட்டிருந்தா, அது காட்டிக்கொடுக்குமா?"

உமையாள் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எந்த இடத்துல?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா கேக்குறவங்களுக்கு இப்படி வேர்க்காது சவரி. எந்த இடம்?"

சவரிமுத்துவின் விரல் மட்டும் நீண்டது. இறக்கையின் நடுப்பகுதி. கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

"ஸ்பானர் கை நழுவிடுச்சு. காலையில. உடனே அலையை அனுப்பிப் பார்த்தேன் மேடம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகல."

உமையாள் கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து இறக்கையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

டிங். டிங். டிங்.

விரல் காட்டிய இடத்தில், டொக்.

மறுபடியும் தட்டினார். டொக்.

மேலே வழவழப்பு, உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடந்தன. சவரிமுத்து, இத்தனை வருட அனுபவம் உள்ள மனிதர், திரையில் பச்சை விளக்கு எரிந்ததும் இறக்கையே நன்றாக இருப்பதாக நம்பிவிட்டார். நம்ப ஆசைப்பட்டார் என்பதுதான் நிஜம்.

வாசலிலிருந்து ரஹீமாவின் குரல் கேட்டது.

"சார், வண்டிய வெளிய தள்ளலாமா? காத்து அருமையா இருக்கு!"

சவரிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

"பிழையே இல்லாம கடந்துச்சே மேடம். அப்ப அந்த அலை பொய்யா?"

உமையாள் நாணயத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அது பொய் சொல்லல சவரி. தன்கிட்ட கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்த்துடுச்சு. காலையிலேர்ந்து உங்ககிட்ட இருக்கிறதுதான் இன்னும் ரஹீமாகிட்ட போய்ச் சேரல."