சரிவுக்கு மூடாக்கு

"என் பெண்சாதியை நான்தான் கொன்னுட்டேனா, தாயே?"

சுனைக்கரையில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாள் அந்தத் துறவி. கேட்டவரைவிட இருபது வயது இளையவள். மலையில் எல்லோரும் அவளைத் தாயே என்றுதான் அழைத்தார்கள்.

கேட்டவர் பெயர் கதிர்காமன். பக்கத்துச் சரிவில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தார்.

கத்தியை நிறுத்தாமல், நடந்ததைச் சொல்லச் சொன்னாள்.

சொன்னார். முப்பது வருடமாக அவர் தோட்டத்தில் ஒரு சருகு கிடந்ததில்லை. கவாத்து வெட்டிய கிளைகளை எல்லாம் அடுப்புக்குச் சுமந்துவிடுவார். செடிகளுக்கு அடியில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வீட்டு வாசல் மாதிரி வைத்திருப்பார். பார்த்தவர்கள் மெச்சினார்கள். மழைக்கு மழை மேல்மண் போனது. கல் தெரிந்தது, வேர் தெரிந்தது, இலை மஞ்சளித்தது. உரத்தைக் கூட்டிப் போட்டார். ஐப்பசியில் ஒரு மதியம், சரிவின் ஒரு பக்கம் சேறாக இறங்கியது. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி அன்னக்கிளி.

"கூடைதான் முதல்ல கிடைச்சுது," என்றார்.

துறவி எழுந்தாள். வெட்டிய கிளைகளைக் கட்டாகக் கட்டி அவர் தலையில் தூக்கி வைத்தாள்.

"எங்க கொண்டுபோக?"

"உங்க சரிவுக்கு. வரிசைக்கு நடுவுல மூடாக்காப் பரப்புங்க. மண்ணு கண்ணுல படக் கூடாது."

சுமந்தார். மறுநாளும் வந்தார். கிளை தீர்ந்தபோது காட்டுப்புல்லை அறுத்துக் கொடுத்தாள். சில நாள் பாதி வழியில் கட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்பார். அவள் அடுத்த கட்டைத் தூக்கி வைப்பாள்.

ஒரு வருடத்தில் பாதிச் சரிவு மூடியது. அவருக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

அடுத்த ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள், நனைந்தபடி வந்து அவளை அழைத்துப் போனார்.

மூடாத பாதியிலிருந்து தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. மூடிய பாதியிலிருந்து கசிந்தது கண்ணாடியாக இருந்தது.

மண்டியிட்டு, மக்கிய இலைகளை விலக்கினார். அடியில் மண் கறுத்திருந்தது. விரல் தானாக உள்ளே போயிற்று. தேயிலையின் வெள்ளை வேர்கள் நூல்நூலாக மேலேறிச் சருகுக்குள் வந்திருந்தன.

அந்த வேர்களை விரலால் தொட்டார்.

"இது முன்னாலயே கிடந்திருந்தா மண்ணு நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்."

"அப்ப என்னாலதான்."

"ஆமா."

முகம் சேற்றில் படக் கவிழ்ந்தார். அந்த வருடம் முழுக்க வராத அழுகை வந்தது. அவள் தடுக்கவில்லை, தொடவும் இல்லை. மழை இருவர்மேலும் பெய்தது.

அழுகை ஓய்ந்தபோது, இனி நான் எதற்கு இருக்கணும் என்று கேட்டார்.

அவள் கீழே கை காட்டினாள். மூடாத பாதிக்கு நேர் கீழே, செந்நீர் போய்ச் சேரும் இடத்தில் மூன்று ஓட்டு வீடுகள். ஒரு கூரையிலிருந்து அடுப்புப் புகை மழைக்குள் எழுந்துகொண்டிருந்தது.

"அங்க யார் யார் இருக்காங்க, ஐயா?"